எகரத்துக்கு முளைத்த வால்

ஜனவரி 5, ஞாயிறு

வங்கியில் இனாமாகக் கொடுத்த டைரி இது. முதல் நான்கு பக்கங்களும் வெறுமையாகப் போய்விட்டன. எழுதும்படி எதுவும் நடக்கவில்லை என்பதே காரணம். இன்று நடந்திருக்கிறது.

அத்திமானூர்ப் பேரூராட்சியின் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மாடி அறையில் கிடந்த காகிதக் கட்டுகளை எடைக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முழங்கால் அனுமதித்த அளவுக்கு. செயல் அலுவலர் நல்ல மனிதர். "எடுத்துக்குங்க சார், எடம் காலியானா போதும்" என்றார். நூலகத்தின் மாடியில் ஓர் அறையும் ஒதுக்கிக் கொடுத்தார். வாசலில் 'ஊர் ஆவண அறை' என்று பலகை மாட்டினேன். அதன் கீழே 'கௌரவக் காப்பாளர்: புலவர் க. பூவராகன், தமிழாசிரியர் (ஓய்வு)'. அறையின் பெயரைவிட என் பெயர் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது. பலகை அப்படி.

கட்டுகளில் பெரும்பாலும் பிறப்பு இறப்புப் பதிவுகள், சாக்கடைத் திட்டங்கள், தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கணக்குகள். நடுவே ஒரு பொக்கிஷம். துணியில் ஒட்டி, கையால் வரைந்த ஊர் வரைபடம். ஓரத்தில் 1868 என்று போட்டிருக்கிறது. தேரோடும் வீதி, ஆறு, தோப்புகள் எல்லாம் இருக்கின்றன. இன்று நாங்கள் குடியிருக்கும் புதுத் தெரு இருக்கிற இடத்தில் வீடுகளே இல்லை. 'எரிமேடு' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

சாதாரண ஆள் அதை அப்படியே படித்துவிட்டுப் போயிருப்பான். நான் சாதாரண ஆள் இல்லையே. பழைய எழுத்தர்கள் பலர் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டாமல் 'எ' என்றே எழுதிவிடுவார்கள். ஏகாரத்தின் கீழே இன்று நாம் இழுக்கிற வாலை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆக, அது எரிமேடு அல்ல, ஏரிமேடு! புதுத் தெரு ஒரு காலத்தில் ஏரி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்து மனைவி மரகதத்திடம் சொன்னேன். "சரி, கறிவேப்பிலைக் கன்று வாங்கி வந்து நாலு நாளாச்சு, குழி தோண்டுங்க" என்றாள்.

தோண்டினேன். மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள், மண்வெட்டி வழுக்குகிறது. ஓர் ஆராய்ச்சியாளனின் பொழுது எப்படியெல்லாம் வீணாகிறது!

ஜனவரி 9, வியாழன்

வரைபடத்துக்குச் சட்டம் போடக் கொடுக்குமுன் 'கண்டெடுத்துப் படித்தவர்: புலவர் க. பூவராகன்' என்று ஒரு சீட்டு எழுதி, கீழ் மூலையில் ஒட்டினேன். மரகதம் காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசை, நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த மூலையில் ஏதோ ஒரு கிணற்றின் பெயர் இருந்தது. மறைந்துவிட்டது. ஊரில் கிணறா இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரவில்லை. நானே அடித்தேன். பாதி வாளி என்மேல்.

ஜனவரி 26, ஞாயிறு

வாழ்நாளில் மறக்க முடியாத நாள்.

கொடியேற்றியதும் பேரூராட்சித் தலைவர் வரைபடத்தைத் திறந்துவைத்தார். என் சிறுநூல் 'புதுத் தெருவில் ஒரு பழைய ஏரி' வெளியிடப்பட்டது. எனக்குப் பொன்னாடையும் 'ஏரி கண்ட புலவர்' என்ற பட்டமும். பட்டத்தை நானே யோசித்துக் கொடுத்தேன் என்று மரகதம் சொல்லித் திரிவது முழு உண்மையல்ல. மூன்று பட்டங்கள் யோசித்துக் கொடுத்தேன். தலைவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

ஏற்புரையில், "மறைந்த நீர்நிலைகளை மீட்டெடுப்பது நம் தலைமுறையின் கடமை! எவர் தடுத்தாலும் விடலாகாது!" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். முன்வரிசையில் எங்கள் எதிர்வீட்டு இந்திராணிகூடத் தட்டினாள். இட்லி மாவு அரைத்து விற்பவள். கணவன் போன பிறகு அந்தக் கிரைண்டரை வைத்தே மகளைப் படிக்கவைத்து, போன வருஷம் மாடியில் ஓர் அறையும் எழுப்பிவிட்டாள். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். கேட்பவர்களிடமெல்லாம் அந்த மாடி அறையைக் காட்டுகிறாள்.

தெருமுனையில் புதுப் பெயர்ப்பலகையும் வந்துவிட்டது. 'ஏரிமேட்டுத் தெரு.' நீலத்தில் வெள்ளை எழுத்து. ஏகாரத்தின் வாலைப் பெயிண்டர் அழகாக நீட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 3, திங்கள்

கறிவேப்பிலைக் கன்று மஞ்சளடித்துவிட்டது. சாணம், புளித்த மோர் எல்லாம் ஊற்றிப் பார்த்தாயிற்று. "இந்த மண்ணுல எதுவுமே வரமாட்டேங்குது. முருங்கை போச்சு, செம்பருத்தி போச்சு. ஏரி மண்ணுன்னா வண்டலா இருக்காதாங்க?" என்று மரகதம் கேட்டாள். வண்டலின் வகைகள் பற்றி அவளுக்கு விரிவாக விளக்கினேன். எனக்குத் தெரிந்தவரையில்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வருவாய் ஆய்வாளர் லோகநாதன் வந்தான். என் பழைய மாணவன். காபி குடித்தான், காலைத் தொட்டு வணங்கினான், பிறகு ஒரு நோட்டீஸைக் கொடுத்தான். தெருவில் எல்லோர் கையிலும் அதேதான்.

புதுத் தெரு (ஏரிமேட்டுத் தெரு) கட்டடங்கள் ஆதியில் நீர்நிலையாக இருந்த இடத்தில் அமைந்திருப்பதாகத் தெரியவருவதால், அவற்றை ஏன் அகற்றக் கூடாது என்று இருபதாம் தேதி தாசில்தார் முன் விளக்கம் தர வேண்டுமாம். ஆதாரம்: புலவர் க. பூவராகன் எழுதிய நூல், பக்கம் பதினொன்று.

என் நூலை இதுவரை யாரும் மேற்கோள் காட்டியதில்லை. முதல் ஆள் தாசில்தார்.

"எங்ககிட்ட பட்டா இருக்கேப்பா" என்றேன்.

"ஆதியில நீர்நிலைன்னா பட்டா இருந்தும் கஷ்டம் சார். யாரோ உங்க புஸ்தகத்தை வெச்சு மனு போட்டுட்டாங்க. நீங்க வேற மேடையிலயே கேட்டீங்க, எவர் தடுத்தாலும் விடக்கூடாதுன்னு."

பட்டியலில் எங்கள் வீடும் இருக்கிறது. தன் வீட்டை இடிக்கத் தானே ஆதாரம் திரட்டி, அதைச் சொந்தச் செலவில் அச்சடித்து, பொன்னாடையும் போர்த்திக்கொண்ட ஆள் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

பிப்ரவரி 12, புதன்

தெருவில் யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. இந்திராணி எங்களுக்கு மாவு கிடையாது என்றுவிட்டாள். காலையில் உப்புமா.

பிப்ரவரி 13, வியாழன்

உப்புமா.

பிப்ரவரி 14, வெள்ளி

நூலகத்துக்குக் கிளம்பும்போது இந்திராணி வழிமறித்தாள். கையில் அந்த நோட்டீஸ், அதில் மாவு ஒட்டியிருந்தது.

"இன்னா சார், ஏரி எங்க கீது? காட்டு பாக்கலாம். எம்மாம் மழ பேஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காத தெருவு இது. மேடு சார், மேடு. ஊரே முழுகினப்போ எல்லாரும் இங்கதான வந்து குந்துனாங்க? மேட்டுல எவனாவது ஏரி வெட்டுவானா?"

ஏரிக்கரையையும் மேடு என்று வழங்குவதுண்டு என்று தொடங்கினேன்.

"வழங்குவீங்க சார், வழங்குவீங்க. சம்மந்தி வூட்டுக்காரங்க நேத்து போன் பண்றாங்க, வூடு இடிக்கறாங்களாமேன்னு. நான் இன்னா பதில் வழங்கட்டும்?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேடையில் அத்தனை வார்த்தை முழங்கியவன், நூலகத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் திரும்பினேன்.

உப்புமா.

பிப்ரவரி 16, ஞாயிறு

தாசில்தாருக்கு ஒரு விளக்கம் எழுதினேன். ஏரி இருந்தது உண்மை, ஆனால் அதன் மேற்குக் கரை எங்கள் தெருவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று. அதாவது ஏரியைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினேன். வீடும் தப்பும், நூலும் தப்பும். மரகதத்திடம் படித்துக் காட்டினேன்.

"கிழக்கே யாரு வீடு இருக்கு?"

"கொல்லர் தெரு."

"அவங்க வீட்டை இடிக்கலாமா?"

அது நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்றேன். அவள் ரவையை வறுக்கப் போய்விட்டாள். இந்த வறுத்தலுக்கு இருக்கிற சத்தம் வேறு எதற்கும் இல்லை. அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"அந்தப் படத்துல வேற எங்கயாச்சும் ஏன்னு எழுதியிருக்கா? அந்த ஆளு வால் போட்டு எழுதுவானா, போடாம எழுதுவானான்னு தெரிஞ்சுடுமில்ல?"

எனக்குத் தோன்றாமல் இல்லை. சில நாட்களாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஏகாரத்தில் தொடங்கும் சொல் வேறு கிடையாது. கீழ் மூலையில் ஒரு கிணறு இருந்தது. என்ன கிணறு என்று நினைவில்லை என்று சொன்னேன்.

நினைவில்லை என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆவண அறைக்கு மரகதமும் வந்தாள். இதுவரை வந்ததில்லை. வாசலில் என் பெயரின் அளவைப் பார்த்து நின்றாள்.

சட்டத்தைக் கழற்றினோம். ஈரத்துணியை அந்தச் சீட்டின்மேல் போட்டு, காய விடாமல் நனைத்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு கெட்டியாவா காய்ச்சினேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பசை இளகியது. ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பூவராகன் முதலில் வந்துவிட்டான். 'கண்டெடுத்துப் படித்தவர்' அடுத்து வந்தது. 'புலவர்' மட்டும் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தது.

அடியில் இருந்தது: ஏத்தக் கிணறு.

ஏற்றம் இறைத்த கிணறு. அந்த ஏகாரத்தின் கீழே வால். சும்மா ஒரு கீறல் இல்லை. ஆற அமர உட்கார்ந்து, மை தொட்டு, ஆசையாக இழுத்த வால். அந்த எழுத்தருக்குக் குறிலும் தெரியும், நெடிலும் தெரியும். ஏரி என்று எழுத நினைத்திருந்தால் ஏரி என்றே எழுதியிருப்பார். அவர் எழுதியது எரிமேடு. அதற்கு வால் வைத்தது நான்.

முப்பது வருஷம் குறில் நெடில் தவறுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அதைத் தவிர வேறு எதையும் அவ்வளவு கண்டிப்பாகத் திருத்தியதில்லை.

ஒரு நிமிஷம், சீட்டை மறுபடி ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. பசை ஈரமாகத்தான் இருந்தது. மரகதம் என்னைப் பார்க்காமல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

தெருவாரைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். ஏரி இல்லை, எரி. என் தவறு. மாலை போடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் கொஞ்சம் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

"எரின்னா?" என்றார் லேத் பட்டறை தசரதன்.

"எரிக்கிற இடம்" என்றேன்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

"சுடுகாடா!" என்று இந்திராணி கத்தினாள். "போன வாரம் ஏரி, இந்த வாரம் சுடுகாடு. அடுத்த வாரம் இன்னா சார், ஜெயிலா? சுடுகாட்டு மேல கட்டின வூட்லருந்து எவன் சார் பொண்ணு எடுப்பான்? அதுக்கு ஏரியே தேவலாம். தண்ணியாவது சுத்தம்."

சுடுகாடு என்றாலும் அரசு நிலம்தான், அதற்கும் நோட்டீஸ் வரும் என்று தசரதன் எடுத்துக்கொடுத்தார். கூட்டம் கலைந்தது. ஒரே மாதத்தில் ஒரு தெருவை இரண்டு முறை கவிழ்த்திருக்கிறேன். எந்த எதிரியும் எங்கள் தெருவுக்கு இவ்வளவு செய்ததில்லை.

பிப்ரவரி 19, புதன்

கறிவேப்பிலைக் கன்று செத்துவிட்டது. பிடுங்கிப் போடப் போனவன், வேரில் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டியைக் கையில் எடுத்தேன். உடைத்தேன். விரலெல்லாம் மாவாக ஒட்டியது. போகிக்கு வெள்ளையடித்தபோது என் கையில் ஒட்டிய சுண்ணாம்பும் இதே மாதிரிதான். அப்போதுதான் புரிந்தது. ஒன்றரை மாதமாக ஊரின் பழைய காகிதங்களையெல்லாம் புரட்டினேன். என் காலடி மண்ணைப் பார்க்கவில்லை.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். "இந்திராணி, கடப்பாரை இருக்கா?"

"எதுக்கு சார், நீங்களே இடிக்கப் போறீங்களா?" என்றாள். ஆனால் எடுத்துக்கொண்டு வந்தாள். கன்று நின்ற குழியில் நான் கொத்துவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தள்ளுங்க சார், பாக்கவே சகிக்கல" என்று பிடுங்கிக்கொண்டாள்.

இடுப்பளவு ஆழத்தில் கறுத்து வெந்த செங்கற்கள் வரிசையாக வந்தன. நேர்வரிசை இல்லை, வளைந்து போனது. உள்பக்கம் சாம்பலும் கரியும், அதன் நடுவே சரியாக வேகாத சுண்ணாம்புக் கற்கள். எலும்பு ஒரு துண்டு கிடையாது.

"காளவாய்!" என்றாள் இந்திராணி. "சுண்ணாம்புக் காளவாய் சார் இது! எங்கூர்ல ஒண்ணு இருந்திச்சு."

அந்தக் காலத்தில் ஆற்றுப் பாலம் கட்ட இங்கேதான் சுண்ணாம்பு வேகவைத்திருப்பார்கள், அதனால்தான் எரிமேடு என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்பதை வருங்கால ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கவும்.

இந்திராணி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாளா, வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. மரகதம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

தாசில்தார் என் மகள் வயதுப் பெண். வரைபடத்தை மேஜையில் விரித்து, இரண்டு எழுத்துகளையும் காட்டினேன். ஒரு பையில் சுண்ணாம்புக் கற்களும் வெந்த செங்கல்லும். லோகநாதன் காலையிலேயே வந்து குழியைப் பார்த்துப் படமெடுத்து வைத்திருந்தான்.

"அப்ப புஸ்தகத்துல பதினொண்ணாம் பக்கம்?" என்றார் தாசில்தார்.

"தவறு, அம்மா."

"பன்னிரண்டு?"

"அதுவும். பதினொன்றிலிருந்து கடைசிப் பக்கம்வரை எல்லாமே."

"நீங்க என்ன பாடம் எடுத்தீங்க சார்?"

"தமிழ்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பின்னால் நின்ற லோகநாதன்தான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னான். "எட்டாவதுல என்னை 'எரி, ஏரி'ன்னு நூறு தரம் எழுத வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா சார்?"

நீர்நிலை என்பதற்கு ஆதாரம் இல்லை, நோட்டீஸ் கைவிடப்படுகிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நூலைத் திரும்பப் பெறுவதாக நானும் எழுதிக் கொடுத்தேன். அதொன்றும் பெரிய வேலையில்லை. பெரும்பாலான பிரதிகள் என் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கின்றன.

பட்டறை தசரதன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்திராணி ஆட்டோவில் ஏறினாள். அந்தக் காகிதத்தை மட்டும் என் கையிலிருந்து வாங்கி, மடித்து, மடியில் செருகிக்கொண்டாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

உப்புமா. ஆனால் தெருவில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

பெயர்ப்பலகையை மாற்றப் பேரூராட்சிக்கு மனு கொடுத்திருந்தேன். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை ஊரார் 'ஏரிமேட்டுத் தெரு' என்று படித்துக்கொண்டே இருந்தால் இன்னொரு புலவர் கிளம்பி வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? நீலப் பெயிண்ட் கொஞ்சம் வாங்கினேன். வீட்டிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

ஏறியதும் ஸ்டூல் ஆடியது. இறங்கவும் முடியவில்லை, எட்டவும் முடியவில்லை. சட்டென்று ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தால், இந்திராணி இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புடவையெல்லாம் மாவு.

"சம்மந்தி வூட்ல வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க சார். மாடி ரூமு புடிச்சிருக்காம்" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கையில் தூரிகை இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

"அழுவறத அப்புறம் அழுவலாம் சார், மொதல்ல வேலையப் பாருங்க. வாலை மட்டும் எடுங்க. எழுத்தை எடுத்துடாதீங்க."

எகரத்தின் கீழே தூரிகையை வைத்து, மெதுவாக, வாலை மட்டும் அழித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கவனமான திருத்தம் அது.

மார்ச் 3, திங்கள்

இட்லி.